தொண்டே திருநாளான வரலாறு

பெரியோர் பிறந்த நாள்களை உலகம் பல வகையாகக் கொண்டாடுகிறது. மாலை சூட்டுவதும், மேடை அமைத்துப் பேசுவதும், விடுமுறை விட்டு ஓய்ந்திருப்பதும் எங்கும் காணும் வழக்கம். அமெரிக்க நாட்டிலோ ஒருவருடைய பிறந்த நாள் விடுமுறை, மக்கள் தத்தம் ஊருக்காக உழைக்கும் நாளாகச் சட்டத்தாலேயே குறிக்கப்பட்டுள்ளது. அப்பெருமைக்கு உரியவர் மார்ட்டின் லூதர் கிங். அவர் வாழ்வை அறிந்தால் அவ்விடுமுறை அவ்வாறு அமைந்ததன் காரணம் தானே விளங்கும்.

ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் 1929 ஜனவரி 15 அன்று அவர் பிறந்தார். தந்தையார் திருச்சபைப் போதகர். பள்ளியிலும் பேருந்திலும் உணவகத்திலும், குடிநீர்க் குழாயிலுங்கூடக் கறுப்பின மக்களை விலக்கி வைத்த காலம் அது. உடன் விளையாடிய வெள்ளையர் வீட்டுச் சிறுவன், பள்ளி செல்லும் வயது வந்ததும் பெற்றோரின் தடையால் விலகிப்போனான். அப்பிஞ்சு உள்ளத்தில் பட்ட முதற்காயம் அதுவே. 15 வயதில் கல்லூரி புகுந்த அவர், 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

இறையியல் பயின்ற நாளில் காந்தியடிகளைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டு, அடிகளைக் குறித்த நூல்களைத் தேடிப் படித்தார். காந்தியடிகளின் அகச்சிந்தனையை வழிப்படுத்தியவர்களுள் சமணச் சான்றோர் ஸ்ரீமத் ராஜ்சந்திரர் முதன்மையானவர் என்பதை நாம் அறிவோம். குஜராத்தில் ஏற்றிய அறவிளக்கின் ஒளி, கடல் கடந்து அட்லாண்டா இளைஞர் ஒருவரின் நெஞ்சிலும் பட்டது.

அந்த ஒளிக்குச் சோதனை மான்ட்கோமரி நகரில் வந்தது. 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். 26 வயதே நிரம்பிய கிங் அவர்களுக்குத் தலைவரானார். புறக்கணிப்பு 381 நாள்கள் நீடித்தது.

அத்தனை நாளும் ஒரு நகரத்து உழைக்கும் மக்கள் பேருந்து இன்றி வேலைக்குச் சென்று திரும்பியது எவ்வாறு? பலர் நடந்தனர். கார் வைத்திருந்தோர் அதனைப் பொதுப்பணிக்கு அளித்தனர். ஏறத்தாழ 300 கார்கள் முறை வைத்து ஓடின. நடந்து தேய்ந்த கால்களுக்குப் பிற ஊர்களிலிருந்து காலணிகள் வந்து சேர்ந்தன. ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணி, நீதிமன்றத்தில் கிங்குக்காகச் சாட்சியம் அளித்ததால் வேலை இழந்தார். கிங் அளித்த ஊக்கத்தால் தம் வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். அவரும் தோழியரும் உணவும் பலகாரமும் விற்ற பணத்தை வாரந்தோறும் இயக்கத்துக்கு வழங்கினர். பணம் தந்தவர் பெயர் வெளிப்பட்டால் அவர்தம் பிழைப்புப் போகும். ஆதலின், எங்கிருந்தும் வாராதோர் சங்கம் எனப் பொருள்படும் பெயரைத் தம் குழுவுக்குச் சூட்டினர். பெயர் விரும்பாத ஈகைக்கு இதனினும் பொருத்தமான பெயர் ஏது?

1956 ஜனவரி 30 இரவு கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே இருந்த மனைவியும் கைக்குழந்தையும் காயமின்றித் தப்பினர். சினங்கொண்டு திரண்ட மக்களில் சிலர் கையில் ஆயுதம் இருந்தது. சிதைந்த வாயிலில் நின்றே அவர்களை அமைதிப்படுத்தித் திருப்பி அனுப்பினார் கிங். பகைவனிடத்தும் பகை கொள்ளாமை அவருக்கு மேடைப்பேச்சாக மட்டும் இருந்ததில்லை என்பதை ஊர் அன்று கண்டது.

1959இல் அவர் மனைவி கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். ராஜ்காட்டில் அஞ்சலி செலுத்தினார். கன்னியாகுமரிப் பாறையில் அமர்ந்து கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டு உள்ளம் நெகிழ்ந்தார்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் இரண்டரை இலட்சம் மக்கள் உரிமை கேட்டுக் கூடினர். அந்நாளில் கிங் ஆற்றிய உரையை உலகம் அறியும். அதற்கு முன் நியூயார்க்கின் ஒரு தேவாலயத்தில் தொண்டர்கள் கூடி, 80,000 உணவுப் பொட்டலங்கள் கட்டியதை அறிந்தோர் சிலரே. மறு ஆண்டு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, பரிசுத் தொகை முழுவதையும் இயக்கத்துக்கே ஈந்தார்.

1968 பிப்ரவரியில் ஆற்றிய அருளுரை ஒன்றில், தம் இறுதிச் சடங்கில் பரிசுகளையும் பட்டங்களையும் பேச வேண்டா என்றும், பசித்தோர்க்கு உணவளிக்கவும் பிறர்க்குத் தொண்டு செய்யவும் முயன்றவன் என்று கூறினால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். இரு மாதங்களில், மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்துக்குத் துணை நிற்கச் சென்ற இடத்தில், ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவ்வுரையின் ஒலிப்பதிவே அவர் இறுதிச் சடங்கில் ஒலித்தது.

அவர் பிறந்த நாளை விடுமுறையாக்கும் சட்டம் நீண்ட எதிர்ப்பைக் கடந்து 1983இல் கையெழுத்தாகி, 1986இல் நடைமுறைக்கு வந்தது. ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமையே அந்நாள். ஆயினும் தொண்டாற்றியவரின் நாள் வெறும் ஓய்வில் கழியலாமா என்னும் கேள்வி எழுந்தது. கிங்குடன் களத்தில் நின்று அடிபட்ட ஜான் லூயிஸும், செனட்டர் ஹாரிஸ் வொஃபோர்டும் முன்மொழிய, 1994இல் அது தேசியத் தொண்டு நாளாயிற்று. அன்று மக்கள் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகின்றனர். பூங்காக்களைத் துப்புரவு செய்கின்றனர். இல்லாதோர்க்கு உணவு கட்டித் தருகின்றனர். முதியோரைச் சென்று காண்கின்றனர்.

அகிம்சை என்றதும் தீங்கு செய்யாதிருத்தலையே நினைக்கிறோம். அது அதன் ஒரு பாதி. கார் ஓட்டியவரும், பலகாரம் சுட்டவரும், பொட்டலம் கட்டியவரும் மறு பாதியை நிறைவு செய்தனர். உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் இல்லறத்தார்க்கு வகுத்ததும் இக்கருத்தினால் அன்றோ? விழா நாளில் வழிபாடு முடிந்து எஞ்சும் பொழுதில் ஒரு நாழிகையேனும் நம் தெருவுக்கும், அருகிலுள்ள பள்ளிக்கும், தனித்து வாழும் முதியோர்க்கும் உரியதாகுக. அவ்விழா நிறைவான விழாவாகும்.