கிட்டார் வாசிக்கத் தெரியாது... ஆனா ஆம்ப் உலகையே மாற்றினார்! யார் இந்த லியோ ஃபெண்டர்?

தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கா? சுவிட்ச் போட்டதும் பாடாது, வால்வு சூடேறணும். கிட்டாருக்கான 'டியூப் ஆம்ப்'பிலும் அதே வால்வுதான். புதுசா ஒண்ணு வாங்கப் போனா, கண்டிப்பா காதில் விழும் பெயர் ஃபெண்டர்.

1909-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர் லியோ ஃபெண்டர். சிறுவயதிலேயே ஒரு கண் போச்சு. படிச்சது அக்கவுன்டன்சி, பொருளாதார மந்தத்தில் வேலையும் போச்சு. 1938-ல் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். இசைக்கலைஞர்களின் ஆம்ப்களும் ரிப்பேருக்கு வந்தன. அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனால் வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் ஆம்ப்களைத் திருத்தினார்.

அவர் தேடியது, வால்யூம் கூட்டினாலும் பிசிறடிக்காத ஒலி. 85 வாட் 'ட்வின் ரிவெர்ப்' அதற்கு உதாரணம். ஆனால் அவருடைய 'பாஸ்மேன்' ஆம்பை முழுசா திருப்பினால் ஒலி உடைந்து கரகரக்கும். அந்தக் 'குறை'தான் ராக் கலைஞர்களுக்குப் பிடிச்சுப்போச்சு! 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில், பாஸ்மேனை மாதிரியாக வைத்தே முதல் மார்ஷல் ஆம்ப் உருவானது. இன்றும் பொதுவா பளிச் ஒலிக்கு ஃபெண்டர், கரகரப்புக்கு மார்ஷல்.

தீராத நோய்த்தொற்றால் இனி பிழைக்க மாட்டோம்னு பயந்து, 1965-ல் கம்பெனியை சிபிஎஸ்-க்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். பிறகு உடம்பு குணமாச்சு. கம்பெனி திரும்பக் கிடைக்கலை. வேறு கம்பெனி தொடங்கி, 1991-ல் இறக்கும்வரை வேலையை விடவில்லை.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு: 100 வாட் ஆம்ப், 10 வாட்டைவிட சுமார் இரண்டு மடங்குதான் சத்தமாகக் கேட்கும். எர்ணாவூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுன்னா, சின்னதே தாராளம்.