ஹேர்மன் ஜோசப் முல்லர்

பிறப்புரிமையியல் வரலாற்றில் அழியாத இடம்பெற்ற முல்லர், 1890 ஆம் ஆண்டு டிசெம்பர் 21 ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் பிறந்தார். சிறுவயதிலே தந்தையை இழந்த இவர், புலமைப்பரிசில் பெற்றுக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கற்றார். அங்கு தோமஸ் ஹன்ட் மோர்கனின் குழுவிற் சேர்ந்து பழ ஈக்களை ஆராய்ந்தார்.

பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்துபவை பரம்பரை அலகுகளாகும். அவற்றில் ஏற்படும் நிலையான மாற்றம் விகாரம் எனப்படும். இயற்கையில் இது அரிதாகவே நிகழும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய முல்லர், 1926 இல் பழ ஈக்களின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார். கூடிய அளவு கதிர் பட்டபோது விகாரங்கள் ஏறத்தாழ 150 மடங்கு அதிகரித்தன. அவை அடுத்த தலைமுறைகளுக்கும் கடத்தப்பட்டன. இம்முடிவை அவர் 1927 இல் வெளியிட்டார்.

அக்காலத்தில் எக்ஸ் கதிர்கள் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தப்பட்டன. சப்பாத்துக் கடைகளிற்கூடப் பாதத்தின் அளவைப் பார்க்க அவை உதவின. இனப்பெருக்க அங்கங்களிற் கதிர் படுவது பிறக்கப்போகும் சந்ததியையும் பாதிக்கலாம் என முல்லர் எச்சரித்தார். மருத்துவர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1945 இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் அணுகுண்டுகள் வீசப்பட்ட பின்னரே உலகம் அவருக்குச் செவிசாய்த்தது. 1946 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணுவாயுத ஆபத்தை உணர்த்திய ரஸல் - ஐன்ஸ்டைன் பிரகடனத்தில் 1955 இல் அவரும் கையொப்பமிட்டார். 1967 ஏப்ரல் 5 ஆம் திகதி காலமானார்.

ஈக்களிற் கண்டது மனிதரிலும் நிகழ்ந்ததா? குண்டுவீச்சின்போது தாயின் வயிற்றிலிருந்த சில குழந்தைகள் சிறிய தலையுடனும் மூளை வளர்ச்சிக் குறைபாட்டுடனும் பிறந்தனர். ஆனால் இது சிசுவின் மீதே நேரடியாகக் கதிர் பட்டதன் விளைவு, பரம்பரையாக வந்ததன்று. தப்பிப்பிழைத்தோருக்குப் பின்னர் பிறந்த 70,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, பிறவிக் குறைபாடுகள் தெளிவாக அதிகரித்ததாகக் காணப்படவில்லை. 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் கதிர்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் பற்றி 2021 இல் வெளியான ஆய்விலும் புதிய விகாரங்களின் அதிகரிப்புக் காணப்படவில்லை. இருந்தும் ஜப்பானில் அப்பிள்ளைகள் பலர், நோயைச் சுமந்தவர்கள் என்ற வீண் அச்சத்தால் திருமணத்தின்போது ஒதுக்கப்பட்டனர்.

ஆகவே மாணவர்களே, இரண்டையும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். மனிதரிற் பரம்பரைப் பாதிப்புத் தெளிவாகக் காணப்படாமையால் கதிர்கள் தீங்கற்றவை ஆகிவிடா. கதிர்பட்டோருக்குப் புற்றுநோய் அதிகரித்தமை உறுதியான உண்மை. எனவே தேவையற்ற கதிர்படுதலைத் தவிர்த்தல் வேண்டும். அதேவேளை, கதிர்பட்டோரின் பிள்ளைகளை அச்சத்தால் ஒதுக்குவதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை.