உதிரிபாகத்துக்குக் காத்திராத ஜி.டி.நாயுடு

மைசூரில் பழைய ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு ஒரு கஷ்டம் தெரியும். யாதவகிரியில் 1961-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. வண்டியின் என்ஜின் நன்றாக இருக்கும். ஒரு சிறு புஷ் கிடைக்காமல் வண்டி மூலையில் நிற்கும். பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். இல்லையென்றால் லேத்தில் கடைந்து செய்துகொள்ள வேண்டும்.

செய்துகொள்வது என்ற வழியையே வாழ்நாள் முழுவதும் பின்பற்றியவர் ஒருவர் உண்டு. மைசூரில் இருந்து திம்பம் மலைப்பாதை வழியாக இறங்கினால் வரும் கோவை நகரம்தான் அவருடைய களம். அவர் பெயர் ஜி.டி.நாயுடு.

ஓட்டல் சர்வர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு, கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டி அவரைப் பித்துப் பிடிக்க வைத்தது. அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். கோவைக்குச் சென்று ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தார். அந்த அதிகாரியிடமே சென்று வண்டியை விலைக்குக் கேட்டு வாங்கினார். அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் மோட்டார் சைக்கிள்.

ஓட்டி மகிழ்ந்ததோடு அவர் நிற்கவில்லை. திருகு திருகாக வண்டியைப் பிரித்துப் போட்டார். பிரித்ததை மாட்டத் தெரியாமல் போயிருந்தால் மூன்று ஆண்டு உழைப்பு பழைய இரும்பாகியிருக்கும். ஆனால் அவர் மறுபடியும் மாட்டினார். எந்தப் பாகம் எதற்கு என்பதைப் புத்தகம் இல்லாமல் கையாலேயே கற்றார்.

ஒரு பஸ்

முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்து பணம் சேர்த்தார். பம்பாய் சென்று பஞ்சு வியாபாரத்தில் இறங்கி அதை இழந்தார். வெறுங்கையுடன் திரும்பியவருக்குக் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கை கொடுத்தார். அவர் உதவியுடன் ஒரு பஸ் வாங்கி, 1920-ல் பொள்ளாச்சி - பழனி பாதையில் தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. 1930-களில் அதன் பஸ்கள் இருநூறுக்கு மேல் ஓடின.

அந்நாளில் பஸ்ஸின் என்ஜின் முதல் சிறு திருகு வரை கப்பலில்தான் வரவேண்டும். ஒரு சிறு பாகம் தேய்ந்தால் சீமைக்கு எழுதிப் போட்டு, கப்பல் வரும்வரை பஸ் ஷெட்டில் கிடக்கும். பஸ் ஓடாத நாளில் வருமானம் இல்லை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வேலை இல்லை. ஆகவே பஸ் தொழிலுக்குப் பட்டறைதான் உயிர்.

தேய்ந்த புஷ்ஷை அப்படியே பார்த்துக் கடைந்தால், தேய்ந்த அளவுதான் புதிதிலும் வரும். தேயாத இடத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, உள்ளே ஓடும் தண்டையும் அளந்து, முதலில் இருந்த அளவைக் கணக்கிட வேண்டும். பிறகு கன்மெட்டலில் வார்த்து, லேத்தில் கடைந்து, எண்ணெய் ஓட வழிவிட்டுப் பொருத்த வேண்டும். இறுக்கமாக இருந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். தளர்ந்தால் ஆட்டம் கொடுக்கும். பாகம் செய்யும் வேலையில் பாதி, பழையதைப் புரிந்துகொள்வதுதான். ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது நாயுடு கற்றதும் அதுவே.

மோட்டாரும் காரும்

1937-ல் டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து கோவையில் மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பேட்டரியில் ஓடும் ரேசண்ட் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்எண்ணெயில் ஓடும் மின்விசிறி, வாக்குப்பதிவு எந்திரம் என்று அவர் கையில் உருவானவை பல.

1952-ல் இரண்டு பேர் செல்லும் சிறிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான். ஆனால் தயாரிக்க அரசு லைசென்ஸ் தரவில்லை. கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்ளத் தெரிந்தவரால், கிடைக்காத லைசென்ஸைச் செய்துகொள்ள முடியவில்லை. சாமானியன் வாங்கக்கூடிய அந்தக் கார் வீதிக்கு வராமலே போயிற்று.

இரண்டு ஆண்டு போதும்

அவர் நன்கொடையால் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்லூரி தோன்றியது. அதற்கு அவரே முதல்வரானார். என்ஜினீயரிங் படிக்க நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, பட்டறையில் பயிற்றுவித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்காததால் பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். 2015-ல் கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் பழைய கார்களின் காட்சியகம் திறக்கப்பட்டது. பல நாடுகளின் கார்கள் அங்கே பளபளவென்று நிற்கின்றன. அப்படிப்பட்ட பழைய வண்டி ஒவ்வொன்றையும் நிற்க வைப்பவர்கள், கடையில் கிடைக்காத பாகத்தை அளந்து கடைந்து தரும் தொழிலாளிகள். அவர்களில் பலரிடம் பட்டம் இல்லை. நாயுடுவிடமும் இல்லை.