ஜே. ஆர். டி. டாட்டா

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா (ஜூலை 29, 1904 – நவம்பர் 29, 1993) இந்தியத் தொழிலதிபரும் விமானியும் ஆவார். சுருக்கமாக ஜே. ஆர். டி. என அழைக்கப்பட்டார். இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல் நபர் இவரே. 1932 இல் இவர் தொடங்கிய அஞ்சல் விமானச் சேவை பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. அச்சேவையின் தொடக்க நாளில், புஸ் மாத் என்னும் சிறு விமானத்தின் அருகே இவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இந்திய வானூர்தி வரலாற்றின் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகும்.

இளமை

பிரான்சின் பாரிஸ் நகரில் பிறந்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானம் ஓட்டி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, டாட்டா குழுமத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் உறவினர். தாய் சூசன் பிரியேர் பிரெஞ்சுப் பெண்மணி. வடபிரான்சின் ஹார்டெலோ கடற்கரையில் இவர்களது கோடைக்கால இல்லம் இருந்தது. 1909 இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோவின் இல்லமும் அங்கேயே அமைந்திருந்தது. அக்கடற்கரையில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த ஜே. ஆர். டி., 15 ஆம் வயதில் முதன்முறையாக விமானத்தில் ஏறினார். விமானியாக வேண்டும் என்ற விருப்பம் அப்போது உருவானது.

1929 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் விமானி உரிமம் பெற்றார். அதன் எண் 1. அடுத்த ஆண்டு, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசுக்குப் போட்டியிட்டார். எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்த போட்டியாளரான ஆஸ்பி எஞ்சினியர், எகிப்தில் பொறிச்செருகி இன்றித் தவித்தபோது, தம்மிடம் இருந்த உதிரிச் செருகியைக் கொடுத்து உதவினார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி பரிசை வென்றார். அவரே பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

கராச்சி – மதராசு அஞ்சல் சேவை

இலண்டனில் இருந்து விமானத்தில் கராச்சி வரை வந்த கடிதங்களை மதராசு வரை கொண்டு செல்லும் திட்டத்தை, பிரித்தானிய விமானப்படையின் முன்னாள் விமானி நெவில் வின்சென்ட் முன்வைத்தார். அரசு உதவித்தொகை வழங்கவில்லை. எனினும் இரண்டு புஸ் மாத் விமானங்களுடன் டாட்டா நிறுவனம் சேவையைத் தொடங்கியது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹூவுக்கு விமானத்தை ஓட்டிவந்தார். அகமதாபாதில் எரிபொருள் மாட்டுவண்டியில் கொண்டுவரப்பட்டது. பம்பாயில் இருந்து அஞ்சல் பைகளை வின்சென்ட் ஏற்றிச்சென்று, இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் மதராசு சேர்ந்தார். ஜுஹூவில் முறையான ஓடுபாதை இல்லை. மழைக்காலத்தில் அத்தளம் நீரில் மூழ்கியதால் சேவை புனேக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஓராண்டில் விமானங்கள் சுமார் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் சுமார் 10 டன் அஞ்சலையும் சுமந்தன.

மதராசுக்கு விமானம் அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. மவுண்ட் சாலையில் விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியுடன் கட்டிய விமானத்தை 1910 இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ஆனால் அது காட்சியாகவே நின்றது. நாட்டின் பிற நகரங்களுடன் மதராசை வான்வழியே ஒழுங்காக இணைத்தது 1932 ஆம் ஆண்டுச் சேவையே.

தொழில், அறிவியல் பணிகள்

1938 இல், 34 ஆம் வயதில், டாட்டா குழுமத்தின் தலைவரானார். இயற்பியலாளர் ஹோமி பாபாவின் வேண்டுகோளை ஏற்று, 1945 இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாகத் துணைநின்றார். இவரது தலைமைக் காலத்தில் 1968 இல் தோன்றிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் பெரிய வளாகம் ஒன்று, சென்னையின் தெற்கே நாவலூரை அடுத்த சிறுசேரியில் அமைந்துள்ளது.

1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் முதல் பம்பாய் – இலண்டன் விமானத்தில் இவரும் பயணித்தார். 1953 இல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. அம்முடிவை இவர் கடுமையாக எதிர்த்தார். இருப்பினும், தாம் தொடங்கிய நிறுவனத்தின் தரம் குறையக்கூடாது என்று கருதி, ஊதியமின்றித் தலைவர் பொறுப்பை ஏற்று 25 ஆண்டுகள் பணியாற்றினார். 1978 இல் மொரார்ஜி தேசாய் அரசு இவரை அப்பொறுப்பில் இருந்து நீக்கியது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. அதைக் காண இவர் உயிருடன் இல்லை.

விண்வெளி யுகத்துடன் தொடர்பு

1982 அக்டோபர் 15 அன்று, பொன்விழாவை முன்னிட்டு, 78 வயதில் பழைய லெப்பர்டு மாத் விமானத்தில் கராச்சி – பம்பாய் பறப்பைத் தனியாக மீண்டும் நிகழ்த்தினார். ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின், 1984 ஏப்ரலில், ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியரானார்.

அரியானாவின் கர்னாலில் வளர்ந்த விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா, தமது ஆர்வத்திற்கு ஜே. ஆர். டி.யின் அஞ்சல் பறப்புகளும் ஒரு தூண்டுதல் என்றும், அவற்றுக்குப் பயன்பட்ட விமானத்தை ஒரு விமான நிலையத்தில் கண்டதாகவும் நேர்காணலில் தெரிவித்துள்ளார். அவர் 1997 இல் முதன்முறை விண்வெளிக்குச் சென்றார். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோட விபத்தில் உயிரிழந்தார். புகைப்படத்தில் காணப்படும் சிறு விமானத்தையும் விண்ணோடத்தையும் இணைக்கும் நேரடிச் சான்றாக அவரது கூற்று அமைகிறது.

விருதுகள், மறைவு

வானூர்தித் துறைக்கான டேனியல் குகன்ஹைம் பதக்கம் 1988 இல் இவருக்கு வழங்கப்பட்டது. இப்பதக்கத்தை முதலில் பெற்றவர் ஓர்வில் ரைட் என்பது குறிப்பிடத்தக்கது. 1992 இல் பாரத ரத்னா விருது பெற்றார். ஜெனீவாவில் காலமான இவரது உடல் பாரிசின் பேர் லசேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.