வீடு திரும்பாத வீரர் ஜோ ஹால்

விளையாட்டு என்றவுடன் மாலை நேரமும் மைதானமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பாடம் முடிந்தபின் உடலுக்கு உரமும் உள்ளத்துக்குக் களிப்பும் நாடிச் செல்வதே மாணவராகிய நமக்கு விளையாட்டு. ஆயின், விளையாட்டையே தொழிலாகக் கொண்டு, அதனால் வரும் ஊதியத்தைக் கொண்டே மனைவி மக்களைக் காப்பாற்றி வருவோரும் உலகில் உளர். அவர்கள் ஆடாதிருந்தால் அடுப்பு எரிவதற்கு வேறு வழி தேடவேண்டும். ஊரெங்கும் கொள்ளைநோய் பரவும் காலத்தில் அத்தகையோர் என் செய்வர்? களத்திற்குச் செல்வரா? வீட்டாரின் நலங்கருதி வீட்டிலேயே தங்குவரா? இவ்வினாவிற்கு விடை காண முயல்வோர் அறியவேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது ஜோ ஹால் என்னும் கானடா நாட்டு ஆட்டக்காரரின் வரலாறு ஆகும்.

ஜோ ஹால் 1881ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுஷயர் என்னும் மாவட்டத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே அவர் குடும்பம் கடல் கடந்து கானடாவிற்குக் குடியேறிற்று. மானிட்டோபா மாகாணத்திலுள்ள பிராண்டன் என்னும் ஊரில் அவர் வளர்ந்தார். அது கோதுமை விளையும் சமவெளி நாடு. குளிர்காலம் வந்தால் ஆறும் குளமும் உறைந்து கல்லாகிவிடும். அங்குள்ள சிறுவர்க்கு அவ்வுறைநீர்ப் பரப்பே விளையாட்டிடம். காலணியின் அடியில் இருப்புத் தகடு பூட்டிக்கொண்டு, கையில் வளைகோல் ஏந்தி, ரப்பர் வட்டு ஒன்றை எதிரியின் வாயிலுக்குள் அடித்துச் செலுத்தும் ஐஸ் ஹாக்கி என்னும் ஆட்டத்தை ஹால் அங்கே கற்றார்.

அக்காலத்தில் கானடாவில் கூலி பெற்று ஆடுதல் பெரியோரால் இழிவாகக் கருதப்பட்டது. எனினும் எல்லைக்கு அப்பால், அமெரிக்க ஐக்கிய நாட்டில், மிச்சிகன் மாகாணத்துச் செம்புச் சுரங்க ஊர்களில் வெளிப்படையாகவே சம்பளங்கொடுத்து ஆட்டக்காரரை அமர்த்தும் சங்கங்கள் தோன்றின. அவற்றுள் ஹாட்டன் என்னும் ஊரின் போர்ட்டேஜ் லேக் சங்கத்தில் ஹால் சேர்ந்தார். 1905-06ஆம் ஆண்டுப் பருவத்தில் 20 ஆட்டங்களில் 33 முறை வட்டை வாயிலுக்குள் செலுத்தினார். அன்று தொடங்கி இறுதிவரை ஆட்டமே அவரது தொழிலாயிற்று. பின்னர் மாண்ட்ரீல் நகரத்துச் சங்கங்களிலும், 1910 முதல் கியூபெக் நகரச் சங்கத்திலும் ஆடினார். கானடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த ஸ்டான்லி பிரபு 1892ஆம் ஆண்டில் அளித்த வெள்ளிக் கிண்ணமே அவ்வாட்டத்தின் தலைசிறந்த பரிசாகும். கியூபெக் சங்கம் 1912, 1913ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து அதனை வென்றபோது, வாயிலைக் காக்கும் பின்வரிசையில் நின்று அவ்வெற்றிக்குத் துணைபுரிந்தவர் ஹால்.

அவர் மென்மையாக ஆடியவர் அல்லர் என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். முரட்டு ஹால் என்ற பொருளுடைய பட்டப்பெயர் அவருக்கு வழங்கிற்று. 1918ஆம் ஆண்டு ஜனவரி மாதம் டொராண்டோ நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவரும் ஆல்ப் ஸ்கின்னர் என்னும் எதிர்க்கட்சி ஆட்டக்காரரும் வளைகோல்களால் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ள, போலீசார் இருவரையும் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தினர். மாண்ட்ரீலின் நியூசி லலாண்ட் என்னும் பெருவீரருடன் அவர் பல ஆண்டுகள் கொண்டிருந்த பகை நாடறிந்தது. ஆயினும் 1917ஆம் ஆண்டில் கியூபெக் சங்கம் ஆட்டத்தை நிறுத்திவிட, ஹால் மாண்ட்ரீல் கனேடியன்ஸ் சங்கத்தில் சேர்ந்தபோது, அவ்விருவரும் பகை மறந்து, வெளியூர்ப் பயணங்களில் ஒரே அறையில் தங்கும் தோழர் ஆயினர். களத்தில் கடுமையும், களத்தின் புறத்தே நல்லியல்பும் உடையவர் ஹால் என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இந்நிலையில் முதல் உலகப் போரின் இறுதியாண்டாகிய 1918இல் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று. இன்புளுவென்சா எனப்படும் அந்நோய் சுமார் ஐந்து கோடி மக்களைக் கொன்றிருக்கலாம் என அறிஞர் கணிப்பர். கானடாவில் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர் மாண்டனர். முதியோரையும் குழந்தைகளையும் வருத்துவது இக்காய்ச்சலின் இயல்பு. அவ்வாண்டிலோ, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரை, உடல் வலிமை மிக்கவரை, அது பெருவாரியாக வீழ்த்திற்று. வலிய தேகமே தம் முதலாகக் கொண்டு பிழைத்த ஆட்டக்காரர்க்கு அத்தேகமே காவலாகவில்லை. அக்டோபர் மாதத்தில் ஆட்டாவா சங்கத்தின் ஹாம்பி ஷோர் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் அந்நோயால் இறந்தார். அவரும் ஹாலைப் போலவே பின்வரிசையில் நின்று ஆடியவர்.

அதே மாதத்தில் பல நகரங்களில் பள்ளிகளும் நாடகக் கொட்டகைகளும் மூடப்பட்டன. அமெரிக்காவின் மேல்கரையிலுள்ள சியாட்டில் நகரில் பொதுக்கூட்டங்கள் தடுக்கப்பட்டன. முகத்தில் துணி கட்டாமல் வெளியே செல்லலாகாது என்ற ஆணையும் பிறந்தது. நவம்பரில் போர் நின்றது. மக்கள் மகிழ்ச்சிப் பெருக்கில் முகத்துணியை எறிந்தனர், தடைகளும் நீங்கின. நோய் ஒழிந்தது எனப் பலர் நம்பினர். டிசம்பர் மாதத்தில் ஆட்டப் பருவம் வழக்கம்போல் தொடங்கிற்று. ஆயினும் 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோய் மீண்டும் தலைகாட்டிற்று.

ஹாலுக்கு அப்போது வயது முப்பத்தேழு. ஆட்டக்காரருள் அது முதிர்ந்த வயது. பிராண்டனில் அவருக்கு மனைவியும் மக்களும் இருந்தனர். அவர் மனத்துள் என்ன எண்ணினார் என்று நாம் கற்பனை செய்ய வேண்டுவதில்லை. அவர் நின்ற நிலையை நோக்கினாலே போதும். ஆட்டக்காரர்க்கென உரிமை கேட்கும் நிலையான சங்கம் அன்று இல்லை. அது 1967ஆம் ஆண்டிலேதான் தோன்றிற்று. நோய்க்கு அஞ்சி இவ்வாண்டு நான் வரவில்லை என்று கூறுபவருக்கு அடுத்த ஆண்டில் இடம் உண்டு என உறுதி கூறும் விதியும் இல்லை. வயது முதிர்ந்தவருக்கோ அவ்விடம் மேலும் ஐயத்துக்குரியது.

இங்கே அவருடைய தோழர் ஒருவரை நினைவு கூர்தல் தகும். முந்திய பருவத்தில் 20 ஆட்டங்களில் 44 முறை வட்டைச் செலுத்தி அனைவரையும் வியப்பில் ஆழ்த்திய ஜோ மலோன் அதே கனேடியன்ஸ் சங்கத்தவர். அவருக்குக் கியூபெக் நகரில் நிலையான உத்தியோகம் ஒன்று கிடைத்திருந்தது. ஆகவே 1918-19ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் எட்டு ஆட்டங்களே ஆடினார். சியாட்டில் நகருக்குச் சென்ற குழுவில் அவர் இல்லை. வேறு வருவாய் உடையவர்க்கு வீட்டிலிருத்தல் எளிது; அஃது இல்லாதவர்க்கு ஆட்டக்களமே வீட்டைத் தாங்கும் தூண்.

மார்ச்சு மாதத்தில் கனேடியன்ஸ் சங்கத்தார் ஆட்டாவாவை வென்று, ஸ்டான்லிக் கிண்ணத்திற்காகச் சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் சங்கத்துடன் ஆடுவதற்கு இரயிலேறிக் கண்டத்தைக் கடந்து சென்றனர். முதல் ஆட்டத்தில் சியாட்டில் 7-0 என வென்றது. இரண்டாவதில் லலாண்ட் ஒருவரே நான்கு முறை வட்டைச் செலுத்த, மாண்ட்ரீல் 4-2 என வென்றது. மூன்றாவது 7-2 எனச் சியாட்டிலுக்குச் சென்றது. நான்காவது ஆட்டத்தில் நேரத்தை நீட்டித்தும் எவரும் ஒரு முறையேனும் செலுத்தவில்லை. ஐந்தாவதில் மாண்ட்ரீல் முதலில் 0-3 எனப் பின்தங்கி, பிறகு சமன்செய்து, நீட்டித்த நேரத்தில் 4-3 என வென்றது. வெற்றிதோல்வி சமமாக நின்றது. அந்த ஐந்தாவது ஆட்டத்தின் நடுவே ஹால் உடல் தளர்ந்து களத்தை விட்டு வெளியேறினார். அதன்பின் அவர் களம் புகவேயில்லை.

ஏப்ரல் மாதம் முதல் நாள் முடிவான ஆறாவது ஆட்டம் நடைபெற வேண்டும். கனேடியன்ஸ் சங்கத்தாரில் ஹால், லலாண்ட் முதலாகப் பலரும், சங்கத்தின் உரிமையாளரும் நிர்வாகியுமான ஜார்ஜ் கென்னடியும் கடுஞ்சுரத்தால் படுக்கையில் கிடந்தனர். ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் அது நிறுத்தப்பட்டது. கிண்ணத்தைச் சியாட்டிலுக்கே விட்டுக்கொடுப்பதாகக் கென்னடி அறிவித்தார். சியாட்டிலின் பயிற்சியாளர் பீட் மல்டூன் அதனை ஏற்க மறுத்தார். நோயால் வீழ்ந்தோரிடமிருந்து பெறும் வெற்றி வெற்றியாகாது என அவர் கருதினார். விளையாட்டு வரலாற்றில் இதனினும் பெருந்தன்மையான செயல்கள் மிகச் சிலவே.

மற்றையோர் மெல்ல மெல்லத் தேறினர். ஹாலின் காய்ச்சலோ நுரையீரல் அழற்சியாக முற்றிற்று. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சியாட்டில் நகரத்து வைத்தியசாலையில் அவர் உயிர் நீத்தார். அவருக்கு முப்பத்தெட்டு வயது நிறைவதற்கு இன்னும் ஒரு திங்களும் முழுமையாக இல்லை. உடல் வான்கூவர் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. குடும்பத்தைக் காப்பதற்காகச் சென்றவரைக் குடும்பம் இழந்தது.

கென்னடியும் அந்நோயின் பின்விளைவுகளினின்று முற்றும் மீளவில்லை. 1921ஆம் ஆண்டு அக்டோபரில் அவரும் இறந்தார். அவர் மனைவியார் கனேடியன்ஸ் சங்கத்தை 11,000 டாலருக்கு விற்றுவிட்டார். ஒரு தொடர் ஆட்டத்தால் இரண்டு குடும்பங்கள் தலைவரை இழந்தன. கிண்ணமோ அவ்வாண்டில் எவருக்கும் உரியதாகவில்லை. 1948ஆம் ஆண்டில் அக்கிண்ணத்தைப் புதுப்பித்தபோது, இரு சங்கங்களின் பெயரையும் பொறித்துத் தொடர் முற்றுப்பெறவில்லை என்ற குறிப்பையும் சேர்த்தனர். 1961இல் ஹாலின் பெயர் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது.

இவ்வரலாறு நூறாண்டுகளுக்குப் பின் மீண்டும் நினைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோவிட் கொள்ளைநோயால் கானடா, அமெரிக்க நாடுகளின் ஹாக்கிப் பருவம் நடுவே நின்றது. ஆகஸ்டு மாதத்தில் எட்மண்டன், டொராண்டோ ஆகிய இரு நகரங்களில், பார்வையாளரின்றி, ஆட்டக்காரரை வெளியுலகினின்று பிரித்து வைத்து, மீண்டும் ஆட்டம் தொடங்கத் திட்டமிட்டனர். அப்போது கால்கரி சங்கத்தின் டிராவிஸ் ஹாமோனிக் என்பவர் தாம் ஆடப்போவதில்லை என வெளிப்படையாக அறிவித்தார். முந்திய ஆண்டில் அவருடைய பெண்குழந்தை சுவாச நோயால் வைத்தியசாலையில் கிடந்து பிழைத்தது. ஆண்குழந்தையோ பிறந்து சில மாதங்களே ஆயின. தம் பத்தாம் வயதிலேயே தந்தையை இழந்தவர் ஹாமோனிக். தந்தையற்ற வீடு இன்னதென்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஹால் வளர்ந்த அதே மானிட்டோபா மாகாணத்தில் பிறந்தவர் அவர். ஹாலைப் போலவே பின்வரிசையில் நின்று வாயிலைக் காப்பவர்.

ஒரே மாகாணத்தவர், ஒரே இடத்தில் நின்று ஆடியவர், ஒரே இன்னலை எதிர்கொண்டவர் ஆகிய இவ்விருவருள் ஒருவர் சென்றார், ஒருவர் தங்கினார். இதனால் ஒருவரைத் துணிந்தவர் என்றும் மற்றவரை அஞ்சியவர் என்றும் கூறுதல் பெரும்பிழை. அன்றி, ஒருவரை அறிவிலார் என்றும் மற்றவரை அறிவுடையார் என்றும் கூறுதலும் தகாது. 2020இல் ஆட்டக்காரர் சங்கமும் ஆட்டத்தை நடத்துவோரும் கூடிச் செய்த உடன்படிக்கையில், வர விரும்பாதவர் தண்டனையின்றி விலகலாம் என்ற விதி இருந்தது. அந்த ஒரு விதியே இருவர்க்கும் இடையிலுள்ள வேற்றுமை. ஹாமோனிக்குக்குத் தெரிவு செய்யும் உரிமை இருந்தது. ஹாலுக்குத் தொழில் ஒன்றே இருந்தது. மனிதனிடம் நன்மனம் மட்டும் இருந்தால் போதாது. அந்நன்மனத்தின்படி நடப்பவனுக்கு ஊறு நேராதபடி காக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இதனை நம் கல்லூரி மைதானத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். பந்தயத்துக்கு முந்திய நாள் ஒரு மாணவர் வந்து, வீட்டில் அன்னைக்குக் காய்ச்சல், நாளை நான் வர இயலாது என்று கூறின், நம் முகத்தில் முதலில் தோன்றுவது யாது? சுளிப்பா, பரிவா? அவருடைய இடம் அடுத்த பந்தயத்திலும் அவருக்கென இருக்கும் என்று உறுதி கூற நம்முள் எத்தனை தலைவர் உளர்? கிண்ணத்தை மறுத்த மல்டூனை நினைவில் கொள்வோர் அவ்வுறுதியைத் தயங்காமல் கூறுவர். அவ்வுறுதியைக் கூறுவார் ஒருவரும் இன்றிச் சியாட்டிலுக்கு இரயிலேறிய ஜோ ஹாலுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே ஆகும்.