மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான்

நாம் நாள்தோறும் பருகும் தேநீருக்குப் பின்னால் எத்தனையோ பெண்களின் உழைப்பு இருக்கிறது. கொழுந்து பறிக்கும் அந்த ஏழை மக்களுக்காக அறுபது ஆண்டுகள் பாடுபட்டவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவரே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உரிமையாளர் என்பதுதான் வியப்பு!

அவர் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள முனப்புதூரில் பிறந்தார். தந்தை கருப்பையா பிழைப்புத் தேடி இலங்கைக்குச் சென்று, கங்காணியாக உயர்ந்து, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர். சிறுவயதிலேயே தந்தையிடம் சென்ற தொண்டமான், கம்பளையில் கல்வி பயின்றார். தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் லயன் அறைகளில் அடைபட்டுக் கிடந்த தொழிலாளரின் துன்பம் அவர் நெஞ்சைத் தொட்டது. 1939இல் நேரு இலங்கை வந்தபோது தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசில் சேர்ந்தார். தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் வெற்றி பெற்றார். மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால், தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்கள் நாடற்றவர் ஆயினர். வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் தொண்டமான் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தினார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாயிற்று. அம்மக்களின் விருப்பத்தைக் கேட்பார் இல்லை. அவ்வாறு திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

1977இல் மீண்டும் தேர்தலில் வென்ற தொண்டமான், 1978இல் அமைச்சரானார். பதவியில் இருந்தும் தொழிலாளரை அவர் மறக்கவில்லை. 1984இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாக, தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது. 1986இல் தொழிலாளர் வேலைக்குச் செல்லாமல் பிரார்த்தனையில் அமர்ந்து குடியுரிமை கேட்டனர். 1988ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் வழி திறந்தது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

தோழியரே! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரிகின்றனர். நாளை நம்மில் பலரும் அவ்வாறு உழைக்கச் செல்வோம். பதினெட்டு வயதில் வாக்குரிமையும் பெறுவோம். அந்த உரிமைக்காக மலையக மக்கள் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை நினைவில் கொண்டு, அதனைப் பொறுப்புடன் பயன்படுத்துவோமாக!