ரெயில் என்ஜினை ஓட்டிய சுரங்கத்துப் பிள்ளை

ரெயில் என்ஜினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட ஸ்டீவன்சன் என்று சொல்லும். ஆனால் ஸ்டீவன்சனின் "ராக்கெட்" ஓடுவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே தண்டவாளத்தில் என்ஜின் ஓட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் ரிச்சர்டு டிரெவிதிக்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ளது கார்ன்வால். வெள்ளீயமும் தாமிரமும் கிடைத்த பூமி. (1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்க வயலுக்குக் கொண்டு வந்த வெள்ளைக்கார மேஸ்திரிகளில் பலர் இந்த ஊர்க்காரர்களே. அவர்களுக்குக் கீழே குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்.)

அங்கே ஒரு சுரங்க அதிகாரியின் மகனாக 1771 ஏப்ரல் 13-ந் தேதி பிறந்தார் டிரெவிதிக். படிப்பு ஏறவில்லை. 6 அடி 2 அங்குல உயரம். மல்யுத்தத்தில் சூரர்.

தண்ணீரும் கரியும்

ஆழம் போகப் போக சுரங்கத்தில் தண்ணீர் ஊறும். அதை இறைக்க நீராவி என்ஜின் வேண்டும். கார்ன்வாலிலோ நிலக்கரி கிடையாது. வேல்சில் இருந்து கப்பலில் வரவேண்டும். ஜேம்ஸ் வாட்டின் என்ஜினை வைத்தால், மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய கம்பெனிக்குக் கப்பம் போலக் கட்ட வேண்டும்.

1800-ல் வாட்டின் காப்புரிமை முடிந்தது. டிரெவிதிக் அழுத்தம் மிகுந்த நீராவியைக் கையாண்டார். என்ஜின் சிறியதானது. சிறியதானால் அதைச் சக்கரத்தின் மேலும் ஏற்றலாம் அல்லவா? 1801-ல் கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், கேம்போர்ன் ஊர் மேட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவருடைய வண்டி புகை கக்கி ஏறியது.

அழுத்தம் ஆபத்து என்றார் வாட். அது வீண் பயம் அல்ல. 1803-ல் கிரீன்விச்சில் டிரெவிதிக்கின் பாய்லர் ஒன்று வெடித்து 4 பேர் இறந்தனர். அதன்பிறகு, தண்ணீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈய அடைப்பை பாய்லரில் வைத்தார். பிற்காலத்து ரெயில் என்ஜின்களிலும் அது இருந்தது.

10 டன் இரும்பு

1804 பிப்ரவரி 21-ந் தேதி வேல்சில் பெனிடாரன் இரும்பாலையில் இருந்து 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் அவருடைய என்ஜின் 9 மைலுக்கு மேல் இழுத்துச் சென்றது. ஆலை முதலாளி கட்டிய பந்தயம் அது. என்ஜின் தோற்கவில்லை, அதன் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள்தான் உடைந்தன. 1808-ல் லண்டனில் வட்டப் பாதை போட்டு, ஒரு ஷில்லிங் கட்டணத்தில் என்ஜின் ஓட்டிக் காட்டினார். பணம் சேரவில்லை.

1816-ல் பெரு நாட்டு வெள்ளிச் சுரங்கங்களுக்குப் புறப்பட்டார். மனைவி ஜேனும் 6 பிள்ளைகளும் ஊரில். அங்கே விடுதலைப் போர் வந்தது, சம்பாத்தியம் போயிற்று. 11 ஆண்டுகள் கழித்து வெறுங்கையோடு திரும்பும் வழியில், கார்ட்டஜீனா துறைமுகத்தில் அவருக்கு 50 பவுன் கொடுத்து உதவியவர் யார் தெரியுமா? ஸ்டீவன்சனின் மகன் ராபர்ட்!

கார்ன்வால் சுரங்கங்களில் அவருடைய முறையால் கரிச்செலவு வெகுவாகக் குறைந்திருந்தது. அதற்கு ஒரு சன்மானம் கேட்டுப் பாராளுமன்றத்துக்கு மனு போட்டார். கிடைக்கவில்லை.

1833 ஏப்ரல் 22-ந் தேதி, டார்ட்போர்டு ஊரில் தங்கியிருந்த விடுதியில் இறந்தார். வேலை பார்த்த தொழிற்சாலையின் ஆட்கள் பாடையைச் சுமந்தார்கள். கேம்போர்னில் அவருக்குச் சிலை எழுந்தது 1932-ல். புதைத்த இடத்தில் அன்று ஒரு கல்லும் நடப்படவில்லை.